நிற்கும் காரில் சோலார் கூலர்: குளிரவில்லை என்றால் எங்கே பார்ப்பது?

பேனல் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, கூலர் பெட்டியும் இருக்கிறது. மூன்றையும் வயரால் கோத்தாயிற்று. ஆனாலும் மதியம் கார் கதவைத் திறந்து பாட்டிலை எடுத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது. இந்த இடத்தில் பலரும் முதலில் சந்தேகப்படுவது பேனலைத்தான். இன்னும் பெரியதாக ஒன்று வாங்கினால் சரியாகிவிடும் என்று கிளம்புகிறார்கள். என் கணக்கில், இந்தக் கோளாறுகளில் பாதிக்கு மேல் மின்சாரக் கோளாறே இல்லை. காருக்குள் தேங்கும் சூடு பெட்டியைத் தோற்கடிக்கிறது, அவ்வளவுதான். வயரைப் பிரிப்பதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

அறிகுறி எதுவானாலும் நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உச்சி வெயில் கழிந்த நேரத்தில், கார் இரண்டு மணி நேரமாவது நின்ற பிறகு எடுக்க வேண்டும்: கூலருக்குப் பக்கத்தில் காற்று எத்தனை டிகிரி, கூலருக்குள் ஒரு பாட்டில் தண்ணீர் எத்தனை டிகிரி, கூலரின் பிளக் முனையில் எத்தனை வோல்ட், பேனலிலிருந்து எத்தனை ஆம்பியர். இதற்கு இரண்டு சின்ன தெர்மாமீட்டரும், டிசி அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் போதும். டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தால் வயரை வெட்டாமலே ஆம்பியர் பார்க்கலாம். வாங்கும்போது ‘டிசி’ என்பதைக் கேட்டு வாங்குங்கள். பல கிளாம்ப் மீட்டர்கள் ஏசி மட்டும்தான் அளக்கும்.

ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் குளிரவில்லை

ஃபேன் சத்தம் கேட்கிறது, விளக்கு எரிகிறது, மின்சாரமும் போகிறது. அப்படியென்றால் முதல் கேள்வி, உங்கள் பெட்டி எந்த வகை?

தூக்கினால் லேசாக இருக்கிறது, மூடியில் ஒரு ஃபேன் இருக்கிறது, ‘ஹாட்’, ‘கோல்ட்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது என்றால் அது பெல்டியர் வகை. 1834-இல் ழான் பெல்டியர் கண்டறிந்த விளைவில் ஓடுவது: இரண்டு வேறு கடத்திகள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், இன்னொரு பக்கம் சுடும். ஃபேனைத் தவிர அசையும் பாகம் கிடையாது, மலிவு, ரிப்பேர் குறைவு. ஆனால் ஒரு வரம்பு இருக்கிறது. சுற்றியுள்ள சூட்டைவிட 15 முதல் 20 டிகிரி வரைதான் அதனால் இறக்க முடியும். பெட்டியின் அட்டையில் சின்ன எழுத்தில் இது இருக்கும். ‘சுற்றியுள்ள சூடு’ என்பது வெளியே தெருவில் உள்ள சூடு அல்ல, காருக்குள் உள்ள சூடு. மூடிய காரில் 60 டிகிரி என்றால் பெட்டிக்குள் 40 டிகிரி. இதில் எந்தக் கோளாறும் இல்லை. பெட்டி தன்னால் முடிந்ததைச் சரியாகச் செய்கிறது. இதைப் பிரித்துப் பார்த்துப் பயனில்லை.

கனமாக இருக்கிறது, ஸ்டார்ட் ஆகும்போது மெல்லிய உறுமல் வருகிறது, உள்ளே உலோகச் சுவர், வெளியே டிகிரி காட்டும் டிஸ்ப்ளே என்றால் அது கம்ப்ரசர் வகை. வீட்டு ஃப்ரிட்ஜின் தம்பி. இதற்கு இந்த 20 டிகிரி வரம்பு இல்லை. ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு: ஃப்ரிட்ஜ்களில் வெப்பமண்டல வகை என்று முத்திரை உள்ளவையே சுற்றுச்சூடு 43 டிகிரி வரைக்கும்தான் கணக்கிடப்பட்டவை. நிற்கும் காரின் உட்புறம் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

தாண்டினால் என்ன ஆகிறது என்பதை ஒரு தோராயக் கணக்கில் பார்க்கலாம். 330 மில்லி டின்கள் 12. ஏறத்தாழ 4 கிலோ தண்ணீர். அதை 35 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்க 140 வாட்-மணி வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். 3 சென்டிமீட்டர் ஃபோம் சுவருள்ள 25 லிட்டர் பெட்டியில், உள்ளேயும் வெளியேயும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 0.6 வாட் அளவுக்கு வெப்பம் உள்ளே கசியும் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் 35 டிகிரி இருந்தால் கசிவு 18 வாட். 60 டிகிரி இருந்தால் 33 வாட். 45 வாட் எடுக்கும் கம்ப்ரசர் முதல் நிலையில் 50 வாட்டுக்குச் சற்று மேல் வெப்பத்தை வெளியே தள்ளும். கசிவு போக 35 வாட் மிச்சம், நான்கு மணி நேரத்தில் டின்கள் குளிர்ந்துவிடும். இரண்டாவது நிலையில் கம்ப்ரசரின் திறனும் குறைகிறது, கசிவும் கூடுகிறது. 40 வாட் தள்ளினால் 33 வாட் திரும்பி வருகிறது. மிச்சம் 7 வாட். அந்த டின்கள் குளிர 20 மணி நேரம் ஆகும். சூரியன் அவ்வளவு நேரம் இருக்கப்போவதில்லை.

அதே பெட்டி, அதே பேனல், அதே டின்கள். மாறியது சுற்றியுள்ள சூடு மட்டும். ஆகவே முதல் சிகிச்சை அங்கேதான்.

முன்கண்ணாடிக்கு உட்புறம் பளபளப்பான வெயில் மறைப்பு போடுங்கள். வெளிப்புறம் மூடினால் இன்னும் நல்லது. கண்ணாடிக்குள் நுழைந்த வெயிலைத் திருப்பி அனுப்புவதைவிட நுழையாமல் தடுப்பது மேல். கூலரைப் பின்சீட்டின் காலடியில், நேர் வெயில் படாத பக்கம் வையுங்கள். காருக்குள் டாஷ்போர்டுதான் அடுப்பு. தரையில் சூடு குறைவு. டிக்கியில் வைப்பது பலரின் வழக்கம், ஆனால் பெட்டி தானே வெளியேற்றும் சூடு அங்கே போக வழியில்லாமல் தேங்கும். கூலரின் காற்றுத் துளைகளுக்கு எல்லாப் பக்கமும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். மேலே ஒரு போர்வையைப் போட்டால் கசிவு குறையும், ஆனால் துளைகள் மூடாமல் போட வேண்டும். துளையை மூடிய போர்வை நன்மைக்குப் பதில் கெடுதலே செய்யும்.

ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கி வைத்தால் காற்று போய்வரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அளந்து பார்த்தவர்கள் கண்டது, அதனால் சொல்லும்படியான வித்தியாசம் வருவதில்லை. கார் சூடாவது பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. ஜன்னலில் மாட்டும் சின்ன சோலார் ஃபேனும் ஏறக்குறைய அப்படித்தான். சத்தம் போடும், சூட்டைக் குறைக்காது.

இவ்வளவும் செய்த பிறகும் பெல்டியர் பெட்டி முன்பைவிட மோசமாக இருந்தால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். வெளிப்பக்க ஃபேன் சுற்றுகிறதா? சுடுபக்கத்தின் சூட்டை அது வெளியேற்றாவிட்டால் அந்தச் சூடு தகடு வழியாகக் குளிர்ப்பக்கத்துக்கே திரும்பும். தூசி படிந்த அலுமினியத் தகடுகளை ஒரு பிரஷ்ஷால் துடையுங்கள். இரண்டாவது, பிளக்கை நீங்களே மாற்றிப் போட்டிருந்தால் பாசிடிவ், நெகடிவ் மாறியிருக்கலாம். சில சாதாரண பெட்டிகளில் மின்சாரம் திரும்பினால் பெல்டியரும் திரும்பும். குளிர வேண்டிய பக்கம் சுடும். ஹாட், கோல்ட் சுவிட்ச் செய்வதே இதைத்தான்.

கம்ப்ரசர் பெட்டியின் டிஸ்ப்ளேயில் 4 டிகிரி காட்டுகிறது, பாட்டில் மட்டும் 15 டிகிரியில் இருக்கிறது என்றால், சென்சார் சுவரை ஒட்டி இருக்கிறது, பாட்டில் நடுவில் இருக்கிறது. சூடான பாட்டில்களை நிறைத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திறந்து பார்ப்பவர்களுக்கு இது வரும். காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பாட்டில்களை முந்தைய இரவே வீட்டு ஃப்ரிட்ஜில் குளிரவைத்துக் கொண்டுவந்தால் இந்த 140 வாட்-மணிச் செலவே காருக்கு வராது. சோலாரின் வேலை குளிர வைப்பதல்ல, குளிர்ந்ததைக் காப்பது என்று எடுத்துக்கொண்டால் பல கணக்குகள் ஒழுங்காகிவிடும்.

காலையில் நன்றாக ஓடுகிறது, உச்சி வெயிலில் நின்றுவிடுகிறது

வெயில் கொளுத்தும்போதுதானே சோலார் அதிகம் தர வேண்டும், அப்போது போய் ஏன் நிற்கிறது? இந்தப் புதிருக்கு விடை கிட்டத்தட்ட எப்போதும் சூடுதான். எது சூட்டில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

பவர் ஸ்டேஷன் (பேட்டரியும் சார்ஜ் ஏற்றும் சர்க்யூட்டும் ஒரே பெட்டியில் அடங்கியது) வைத்திருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல். அதற்குள் இருக்கும் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் வரம்பு பல கையேடுகளில் 40 அல்லது 45 டிகிரி என்று இருக்கும். அதற்கு மேல் போனால் பாதுகாப்புச் சர்க்யூட் சார்ஜை நிறுத்தும். பேனல் நிறையத் தர முடிகிற அந்த நேரத்தில் வாங்க ஆளில்லை. டிஸ்ப்ளேயில் உள்ளே வரும் வாட் பூஜ்யம், ஒரு தெர்மாமீட்டர் குறி அல்லது எச்சரிக்கை எண் எரியும். அதை ஒரு மணி நேரம் நிழலான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி வைத்துப் பாருங்கள். சார்ஜ் மறுபடி ஏறினால் நோய் தெரிந்துவிட்டது. இந்தப் பாதுகாப்பை ஏமாற்றும் குறுக்கு வழிகளைத் தேடாதீர்கள். சூடான லித்தியம் பேட்டரியை வம்புக்கு இழுக்கும் இடம் பூட்டிய கார் அல்ல. டாஷ்போர்டு மேலோ, நேர் வெயில் விழும் சீட்டிலோ அதை ஒருபோதும் வைக்கக் கூடாது.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் தனி சார்ஜ் கண்ட்ரோலர் என்றால், அதன் பின்பக்க அலுமினியத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் கண்ட்ரோலர் தானாகவே வெளியீட்டைக் குறைத்திருக்கும். பலர் அதைக் கார்ப்பெட்டில் படுக்கவைத்து ஒட்டியிருப்பார்கள். தகடுகள் நிமிர்ந்து, காற்று மேலேறிப் போகும்படி வைத்தால் சரியாகும்.

மூன்றாவது, கம்ப்ரசரின் எலக்ட்ரானிக் போர்டு. பல நல்ல பெட்டிகளில் இருக்கும், செகாப் நிறுவனத்தின் ‘பிடி’ வகை கம்ப்ரசரின் கண்ட்ரோல் யூனிட்டில் ஒரு எல்இடி இணைத்தால் அது கோளாறைச் சிமிட்டிச் சொல்லும். ஒரு சிமிட்டல், பேட்டரி வோல்ட் குறைவு. இரண்டு, ஃபேன் அதிக மின்சாரம் இழுக்கிறது. மூன்று, மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லை. நான்கு, வேகம் பிடிக்கவில்லை. ஐந்து, போர்டு சூடாகி நின்றுவிட்டது. டிஸ்ப்ளே உள்ள பல மாடல்களில் இ1, இ2 என்று இதே வரிசையில் எண்கள் வரும். உங்கள் கையேட்டில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மதியம் மட்டும் ஐந்து வந்தால் வயரைத் தொடவே வேண்டாம், காற்றோட்டத்தைப் பாருங்கள். மதியம் மட்டும் ஒன்று வந்தால் அது பேட்டரி ஏறாமல் போனதன் விளைவு, காரணத்தை மேலே சொன்ன இரண்டில் தேடுங்கள்.

மீட்டரில் 20 வோல்ட் வருகிறது, ஆனால் சார்ஜ் ஏறவில்லை

இதில்தான் நிறையப் பேர் நேரத்தை வீணாக்குகிறார்கள். பேனலைக் கழற்றி மீட்டரை வைத்தால் 20, 21 வோல்ட். பேனல் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டுக் கண்ட்ரோலரை மாற்றுகிறார்கள். மூடிய குழாயிலும் அழுத்தம் இருக்கும், தண்ணீர் வருகிறதா என்பது திறந்தால்தான் தெரியும். எதனோடும் இணைக்காத பேனல், மேகமூட்டத்திலும் நிழலிலும்கூட ஏறக்குறைய முழு வோல்ட்டைக் காட்டும். ஆம்பியர் மட்டும்தான் வெயிலின் அளவுக்கு ஏற்ப ஏறி இறங்கும்.

ஆகவே மீட்டரை 10 ஆம்பியர் நிலைக்கு மாற்றி, சிவப்பு முனையை அதற்கான துளையில் செருகி, பேனலின் இரண்டு முனைகளையும் மீட்டர் வழியாக நேராக இணையுங்கள். தனிப் பேனலுக்கு இது ஆபத்தில்லாத சோதனை. பேட்டரியில் இதைச் செய்யவே கூடாது. 100 வாட் பேனல் என்றால் நல்ல வெயிலில், சூரியனைப் பார்த்துச் சாய்த்து வைத்தால் 5 முதல் 6 ஆம்பியர் வர வேண்டும். வெளியே 5.5 வந்து, முன்கண்ணாடிக்குப் பின்னால் 2 மட்டும் வந்தால் விடை கிடைத்துவிட்டது.

கண்ணாடிக்குள் பேனல் வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். வசதி, திருட்டு பயமில்லை, மழை படாது. ஆனால் காரின் முன்கண்ணாடி கண்ணுக்குத்தான் தெளிவு. சிலிக்கான் செல் 1,100 நானோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்பு ஒளியையும் மின்சாரமாக்கும். வெப்பம் தடுக்கும் கண்ணாடிகள் அந்தப் பகுதியைத்தான் குறிவைத்துத் தடுக்கின்றன. சூரியன் உச்சிக்கு வரும்போது காரின் கூரையே டாஷ்போர்டின் பாதியை நிழலாக்கிவிடும். மிச்சம் விழும் வெயிலும் சாய்வாக விழுகிறது. அதற்கு மேல் சூடு: பேனலின் வாட் எண் 25 டிகிரி செல் சூட்டில் அளந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.45 சதவீதம் குறையும். டாஷ்போர்டில் 80 டிகிரியில் காயும் பேனல் அந்த ஒரு காரணத்தாலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. எல்லாம் சேர்ந்து, 100 வாட் பேனல் உள்ளே 25 முதல் 40 வாட் தந்தால் அது நல்ல நாள்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. பேனல் கறுப்பு. விழுகிற வெயிலில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கிவிட்டு மீதியைச் சூடாகக் காருக்குள் விடுகிறது. அதோடு, பேனல் இருக்கும் கண்ணாடியில் வெயில் மறைப்புப் போட முடியாது. ஆக, 30 வாட் மின்சாரம் கிடைப்பதற்காக, கூலருக்குக் கூடுதல் கசிவைத் தரும் சூட்டை உள்ளே அழைக்கிறோம். நான் பார்த்தவரை, அந்தப் பேனலை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு மறைப்பைப் போடுவதே கூலருக்கு அதிகம் உதவுகிறது.

பேனல் வெளியே இருக்க வேண்டும். கூரையில் படுத்த நிலையில் 100 வாட் பேனல் உச்சி நேரத்தில் 60 முதல் 75 வாட் தரும். கூரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் தூக்கி வைத்தால் அடியில் காற்று போய் சற்று குளிரும். அதன் நிழல் காரின் கூரைக்கும் நல்லது. என் விருப்பமான ஏற்பாடு இன்னொன்று: காரை நிழலில் நிறுத்தி, மடக்குப் பேனலை நீள வயரில் வெயிலில் விரிப்பது. கண் பார்வையில் வைக்கக்கூடிய இடம் என்றால் இதற்கு இணை எதுவும் இல்லை. காற்றடித்தால் பறக்காமல் நாலு மூலையிலும் கட்டிவிடுங்கள். வண்டியை எடுக்கும்போது கூரையில் சும்மா வைத்த பேனலை இறக்கினோமா என்று பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

வெளியே வைத்தும் ஆம்பியர் குறைவு என்றால் நிழலைத் தேடுங்கள். ஆன்டெனாவின் மெல்லிய நிழல், லக்கேஜ் கம்பியின் ஒரு கோடு, மூலையில் ஒட்டிய ஒரு இலை போதும். செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டவை. ஒன்று மங்கினால் அந்த வரிசையின் மின்சாரம் முழுவதும் அதன் அளவுக்கு இறங்கும். பேனலின் பின்னாலிருக்கும் பைபாஸ் டயோடு அந்த வரிசையைத் தாண்டிப் போக வழிவிடும், ஆனால் வரிசையின் பங்கு போனது போனதுதான். சிறிய மடக்குப் பேனல்கள் சிலவற்றில் டயோடே இருக்காது.

நிழலும் இல்லை, நேரடியாக 5.5 ஆம்பியரும் வருகிறது, ஆனால் பேட்டரிக்கு 70 வாட்தான் போகிறது என்றால் உங்கள் கண்ட்ரோலர் பிடபிள்யூஎம் வகையா என்று பாருங்கள். அது பேனலின் வோல்ட்டைப் பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்துவிடும். 18 வோல்ட்டில் வேலை செய்ய வேண்டிய பேனல் 12.8-இல் வேலை செய்தால் 5.5 ஆம்பியரைப் பெருக்கிப் பாருங்கள், 70 வாட்தான். எம்பிபிடி வகை அந்த மிச்சத்தையும் மாற்றித் தரும். இது கோளாறல்ல, வாங்கிய பொருளின் குணம். எம்பிபிடி என்று மேலே அச்சடித்து உள்ளே பிடபிள்யூஎம் வைத்து விற்பதும் உண்டு. உள்ளே சுருள் இல்லாமல் இறகு மாதிரி லேசாக இருந்தால் சந்தேகப்படலாம்.

கண்ட்ரோலரை இணைக்கும் வரிசையும் முக்கியம்: முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். வரிசை மாறினால் சில கண்ட்ரோலர்கள் பேட்டரியின் வோல்ட்டைத் தப்பாக எடுத்துக்கொள்ளும், சில கெட்டே போகும்.

ஸ்டார்ட் ஆகப் பார்க்கிறது, ‘டிக்’ என்று நின்றுவிடுகிறது

கம்ப்ரசர் உறுமத் தொடங்கி ஒரு நொடியில் அடங்குகிறது. ஒரு நிமிடம் கழித்து மறுபடி. பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட், நன்றாகத்தான் இருக்கிறது. அளக்க வேண்டிய இடம் பேட்டரி அல்ல, கூலரின் பிளக். மீட்டரை அங்கே வைத்துக்கொண்டு கம்ப்ரசர் கிளம்பும் நொடியைப் பாருங்கள். 12.5-இல் நின்ற எண் சட்டென 11-க்குக் கீழே விழுந்து, ‘டிக்’ சத்தத்தோடு திரும்ப 12.5-க்கு ஏறினால் இடையில் உள்ள வயரும் பிளக்கும்தான் மின்சாரத்தைத் தின்கின்றன.

பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தூரம் என்றால் போகவர 10 மீட்டர் செம்பு. 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 5 ஆம்பியர் ஓடினால் 0.9 வோல்ட் வயரிலேயே போய்விடும். கிளம்பும் நொடியில் மின்சாரம் அதைவிட அதிகம். 2.5 சதுர மில்லிமீட்டருக்கு மாறினால் இழப்பு 0.4-க்குக் கீழ். மாற்றிப் பாருங்கள், பல சமயம் அத்தோடு தீர்ந்துவிடும். பேட்டரியின் பாசிடிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அது வயரைக் காக்கத்தான், கூலரைக் காக்க அல்ல.

சிகரெட் லைட்டர் சாக்கெட் இன்னொரு பலவீனம். அரை மணி ஓடிய பிறகு பிளக்கை இழுத்து அதன் நுனியைத் தொடுங்கள். சுடுகிறது, நுனியைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறது என்றால் தொடர்பு சரியில்லை. உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஸ்பிரிங்கை நெம்பிச் சரிசெய்வதெல்லாம் சில நாள் வைத்தியம். திருகிப் பூட்டும் வகை கனெக்டருக்கு மாறுவதே நிரந்தரம்.

பேட்டரியே இல்லாமல் பேனலைக் கூலரில் நேராகச் செருகியவர்களுக்கும் இதே அறிகுறி வரும். கிளம்பும் நொடிக்குத் தேவையான ஆம்பியரைப் பேனலால் தர முடியாது. போதாததற்கு, 12-க்கும் 24-க்கும் பொதுவான போர்டு பேனலின் 20 வோல்ட்டைப் பார்த்து ‘இது 24 வோல்ட் பேட்டரி, தீர்ந்துபோய்விட்டது’ என்று கணக்குப் போட்டு நிறுத்திவிடும். நடுவில் சின்னதாகவாவது ஒரு பேட்டரி வேண்டும். பெல்டியர் பெட்டி நேரடியாக ஓடும், ஆனால் ஒரு மேகம் கடந்தாலும் ஃபேன் மந்தமாகும்.

கண்ட்ரோலரின் ‘லோடு’ முனையில் கூலரை இணைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அந்த முனையின் ஆம்பியர் வரம்பு சிறியது, கம்ப்ரசர் கிளம்பும்போது பூட்டிக்கொள்ளும். கூலர் நேராகப் பேட்டரியில், ஃபியூஸ் வழியாக.

மாலையில் காரே ஸ்டார்ட் ஆகவில்லை

கூலர் கார் பேட்டரியில் ஓடியிருக்கிறது. சராசரி இரண்டரை ஆம்பியர், எட்டு மணி நேரம், 20 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது கிட்டத்தட்டப் பாதி. ஸ்டார்ட்டருக்கான பேட்டரி ஒரு நொடிக்கு நிறையத் தருவதற்காகச் செய்தது, மெல்ல மெல்ல வடிப்பதற்கல்ல. பலமுறை வடித்தால் ஆயுள் குறையும். ஓய்வில் 12.7 வோல்ட் முழுமை, 12.2 பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூலரில் பேட்டரி காப்பு என்று மூன்று நிலை இருக்கும்; பேட்டரியின் வோல்ட் எவ்வளவு இறங்கினால் கூலர் நிற்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். கார் பேட்டரியில் ஓட்டினால் ‘ஹை’, தனி பேட்டரி அல்லது பவர் ஸ்டேஷனில் ஓட்டினால் ‘லோ’. இதைத் தலைகீழாக வைத்திருப்பதுதான் பல புகார்களுக்குக் காரணம்: ‘லோ’வில் கார் ஸ்டார்ட் ஆகாது, ‘ஹை’யில் பவர் ஸ்டேஷன் பாதி இருக்கும்போதே கூலர் நின்றுவிடும். கூலருக்குத் தனி பேட்டரி வைப்பதே நிம்மதி. 12.8 வோல்ட், 30 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் ஏறக்குறைய 380 வாட்-மணி. பகல் முழுவதும் ஒரு சின்ன கம்ப்ரசர் பெட்டிக்குத் தாராளம். கண்ட்ரோலரில் பேட்டரி வகையையும் மாற்ற மறக்காதீர்கள். ஈய-அமிலப் பேட்டரிக்கான சமன்செய்யும் சார்ஜ் இதற்கு ஆகாது.

சாக்கெட்டில் செருகியும் பகலில் கூலர் ஓடவே இல்லை என்றால், பல கார்களில் சாவியை எடுத்ததும் சாக்கெட்டும் அணைந்துவிடும். கோளாறு இல்லை.

சில்லறைத் தொல்லைகள்

ஓரத்து டின்கள் உறைந்து, நடுவில் உள்ளவை குளிராமல் இருந்தால்: டிகிரியை மிகவும் இறக்கி வைத்திருக்கிறீர்கள். 4 அல்லது 5 போதும். அதைக் குறைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது இல்லை. கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், அவ்வளவே.

பெட்டியின் அடியில் தண்ணீர்: காற்றின் ஈரம். மூடியின் ரப்பரில் ஒரு காகிதத் துண்டைச் செருகி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் காற்று நுழைகிறது.

யூஎஸ்பியில் ஓடும் குட்டிக் கூலர் குளிரவில்லை: 5 வோல்ட், 2 ஆம்பியர், மொத்தம் 10 வாட். பெல்டியரில் அதில் பாதிகூடக் குளிராக மாறாது. ஏற்கெனவே குளிர்ந்த ஒரு டின்னைச் சற்று நேரம் காக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

வண்டியில் ஏற்றும்போது கம்ப்ரசர் பெட்டியைக் கவிழ்த்தோ படுக்கவைத்தோ கொண்டுவந்திருந்தால், நிமிர்த்தி சில மணி நேரம் விட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள். எண்ணெய் திரும்பிக் கீழிறங்க வேண்டும்.

எல்லாம் சரி, ஆனாலும் போதவில்லை

வயர் சரி, பேனல் வெளியே, மறைப்பு போட்டாயிற்று, ஆனாலும் மேகமூட்ட நாளில் மாலைக்குள் பேட்டரி தீர்கிறது. இங்கே இரண்டாவது பேனலுக்கு முன்னால் முயன்று பார்க்க வேண்டியது ஐஸ். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 93 வாட்-மணி வெப்பத்தை விழுங்கும். முந்தைய இரவு உறையவைத்த இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்கள், 35 டிகிரிச் சுற்றுச்சூட்டில் பெட்டியின் 18 வாட் கசிவைப் பத்து மணி நேரம் தனியாகவே தாங்கும். கம்ப்ரசர் அந்த நேரத்தில் அரிதாகத்தான் ஓடும். கூலரை 1 டிகிரிக்கு மேல் வையுங்கள், இல்லாவிட்டால் அது ஐஸை உருகவிடாமல் வீணாக ஓடும். பாட்டில்களை மேலே அடுக்குங்கள். குளிர்ந்த காற்று தானாகக் கீழே இறங்கும்.

பிளாஸ்டிக் பாட்டிலை மட்டும் பயன்படுத்துங்கள், கண்ணாடி வேண்டாம். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். கழுத்துக்குக் கீழே நான்கு விரல் காலியாக விட்டு மூடியைத் திருகுங்கள்.